தினசரி வேலைக்கு லேசர் பாயிண்டர்: எது உழைக்கும், எது ஏமாற்றும்?

லேசர் பாயிண்டர் வாங்கப் போகிறவரை முதலில் குழப்புவது விலைதான். பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும் பேனா வடிவக் கருவி ஓர் இடத்தில் சில நூறு ரூபாய், இன்னோர் இடத்தில் சில ஆயிரம். சென்னை ரிச்சி தெருவில் கேட்டாலும் ஆன்லைனில் தேடினாலும் 'ஹை பவர்', 'ஐந்து கிலோமீட்டர் ரேஞ்ச்' போன்ற வாசகங்கள்தான் முன்னால் வந்து நிற்கும். நாள்தோறும் பாடம் நடத்தும் ஆசிரியருக்கும், சைட்டில் நின்று பீமையும் பில்லரையும் சுட்டிக்காட்டும் பொறியாளருக்கும் இந்த வாசகங்களால் ஒரு பயனும் இல்லை. அமுக்கியதும் எரிய வேண்டும், புள்ளி கடைசி பெஞ்சுக்கும் தெரிய வேண்டும், சில வருடங்களாவது உழைக்க வேண்டும், யார் கண்ணுக்கும் கேடு வரக் கூடாது. அவர்களுக்கு வேண்டியது இவ்வளவுதான்.

இந்த நான்கையும் ஒரே கருவியில் பெற முடியும். தடையாக இருப்பது, சக்தி கூடக் கூட நல்லது என்ற எண்ணம். சக்தி அதிகமான பாயிண்டர் சீக்கிரம் சூடாகும், பேட்டரியைத் தின்னும், ஆயுளும் குறையும். வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டிய எண் சக்தியைச் சொல்லும் மில்லிவாட் அல்ல, ஒளியின் நிறத்தைச் சொல்லும் நானோமீட்டர். காரணம் புரிய, கருவியின் உள்ளே என்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

## உள்ளே இருப்பது என்ன?

மலிவான சிவப்பு லேசர் பேனாவின் பின்மூடியைத் திருகிச் சாய்த்தால் மூன்று எல்ஆர்44 பட்டன் செல்கள் வரிசையாக வெளியே விழும். ஒவ்வொன்றும் 1.5 வோல்ட், மூன்றும் சேர்ந்து 4.5 வோல்ட். முன்பக்கத்தில் சிறிய பித்தளைக் குழல். அதன் வாயில் பிளாஸ்டிக் லென்ஸ், லென்ஸுக்குப் பின்னால் கடுகைவிடச் சிறிய டையோடு. குழலுக்குப் பின்னால் நீளும் சர்க்யூட் துண்டில் ஒரு பட்டன், ஒரு ரெசிஸ்டர், கடைசியில் செல்லைத் தொடும் ஸ்பிரிங். மொத்தக் கருவியும் அவ்வளவுதான்.

ஒளியை உண்டாக்குவது டையோடு. மின்னோட்டம் ஒரு குறிப்பிட்ட அளவை எட்டும்வரை அது லேசர் ஒளி தராது. அந்த அளவைத் தாண்டிய பிறகு, மின்னோட்டம் சற்றுக் கூடினாலே ஒளி மளமளவென்று ஏறும். மேலும் கூட்டினால் ஒளி வெளியேறும் முகப்பே கருகிப்போகும். ஒரு தடவை கருகிய டையோடு பழைய நிலைக்குத் திரும்பாது. ஆகவே மின்னோட்டத்தை அளந்து கொடுப்பதுதான் இந்தக் கருவியின் உயிர்நாடி. மலிவுப் பேனாவில் அந்த வேலை ஒற்றை ரெசிஸ்டரின் தலையில் விழுகிறது. செல் புதிதாக இருக்கும்போது டையோடுக்கு அதிக மின்னோட்டம் போகிறது, செல் தேயத் தேயப் புள்ளி மங்குகிறது. நல்ல கருவியில் இதற்கென்று 'டிரைவர்' என்னும் சிறு சுற்று இருக்கும். டையோடிலிருந்து வரும் ஒளியை அது தொடர்ந்து கவனித்து, மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைத்துச் சீராக வைக்கும். விலை வித்தியாசத்தின் நியாயமான பகுதி இங்கேதான் இருக்கிறது.

## பச்சை லேசர் ஒன்றல்ல, இரண்டு

சிவப்பு பாயிண்டர்களில் டையோடே நேராகச் சிவப்பு ஒளி தருகிறது. அலைநீளம் பெரும்பாலும் 650 அல்லது 635 நானோமீட்டர். அலைநீளம் என்பது ஒளியின் நிறத்தைக் குறிக்கும் எண் என்று வைத்துக்கொள்ளலாம். பச்சையில் அலைநீளத்தோடு சேர்த்துத் தயாரிப்பு முறையையும் பார்க்க வேண்டும்.

முதல் வகை, 532 நானோமீட்டர். பல ஆண்டுகளாகச் சந்தையில் இருப்பது இதுதான். இதில் டையோடு தருவது பச்சை ஒளியே அல்ல. கண்ணுக்குத் தெரியாத 808 நானோமீட்டர் அகச்சிவப்பு. அது நியோடிமியம் கலந்த ஒரு படிகத்தில் பாய்ந்து 1064 நானோமீட்டர் அகச்சிவப்பாக மாறுகிறது. அடுத்துள்ள கேடிபி என்ற படிகம் அந்த அலைநீளத்தைப் பாதியாக்குகிறது. அப்போதுதான் 532 பச்சை பிறக்கிறது. இந்தச் சங்கிலியால் வாங்குபவருக்கு நேரும் விளைவுகள்:

1. ஒவ்வொரு கட்டத்திலும் சக்தி வீணாவதால் பேட்டரி வேகமாகத் தீரும். சிவப்பு பாயிண்டர் சில பத்து மில்லியாம்பியரில் ஓடும். இந்தப் பச்சை சில நூறு மில்லியாம்பியர் இழுக்கும்.

2. படிகங்கள் சரியான வெப்பநிலையில்தான் ஒழுங்காக வேலை செய்யும். டிசம்பர் இரவில் ஊட்டியில் வானம் பார்க்கப் போகிறவர்கள் கையில் இது மங்குவதும், கொஞ்ச நேரம் கைச்சூட்டில் வைத்தபின் மீண்டும் பிரகாசிப்பதும் இதனால்தான்.

3. படிகங்கள் நூலிழைகூட விலகாமல் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். கான்கிரீட் தரையில் ஒரு தடவை விழுந்தாலே ஒளி பாதியாகலாம்.

4. பச்சையாக மாறாமல் மிஞ்சிய அகச்சிவப்பைத் தடுக்க வாயில் ஒரு வடிகட்டி வேண்டும். காசை மிச்சம் பிடிக்க அதைப் போடாமல் விடுகிறவர்கள் உண்டு.

நான்காவதுதான் என்னை அதிகம் கவலைப்படுத்துவது. அமெரிக்கத் தரநிலைகள் மற்றும் தொழில்நுட்பக் கழகமான நிஸ்ட், 15 டாலர் விலையுள்ள ஒரு பச்சை பாயிண்டரை ஆராய்ந்து 2010-இல் அறிக்கை வெளியிட்டது. மங்கலான பச்சைப் புள்ளி தந்த அந்தக் கருவியிலிருந்து ஏறத்தாழ 20 மில்லிவாட் அகச்சிவப்பு வெளியேறியிருக்கிறது. பச்சை மங்கலாக இருக்கிறதே, இதனால் என்ன ஆகிவிடும் என்று நினைத்துக் கொஞ்சம் அசட்டையாகக் கையாளத் தோன்றும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக்கு இமையும் மூடாது.

இரண்டாவது வகை, 520 நானோமீட்டர் அல்லது அதையொட்டிய அலைநீளம். இதில் டையோடே பச்சை ஒளி தருகிறது. படிகமும் இல்லை, கசியும் அகச்சிவப்பும் இல்லை. குளிரிலும் வேலை செய்யும், கீழே விழுந்தாலும் முன்னதைவிட நன்றாகத் தாங்கும். ஒரே சிக்கல், இந்த டையோடுக்குச் சுமார் 6 வோல்ட் தேவை. இரண்டு ஏஏஏ பேட்டரியின் 3 வோல்ட் போதாததால் மின்னழுத்தத்தை உயர்த்தும் ஒரு சுற்றை உள்ளே வைக்க வேண்டும். அதனால் விலை கூடும்.

தினசரி உபயோகத்துக்குப் பச்சைதான் வேண்டும் என்றால், 520 என்று எழுதியிருப்பதைத் தேடி வாங்குங்கள். அலைநீளமே குறிப்பிடாத பச்சை பாயிண்டரை வாங்க வேண்டாம்.

## பிரகாசத்தைத் தீர்மானிப்பது கண்

நம் கண் எல்லா நிறத்தையும் ஒரே அளவில் உணர்வதில்லை. வெளிச்சத்தில் அது மிக நன்றாக உணர்வது 555 நானோமீட்டரை ஒட்டிய மஞ்சள் கலந்த பச்சையை. அந்த உணர்திறனை 100 என்று வைத்தால் மற்றவை தோராயமாக இப்படி வரும்: 532-க்கு 88, 520-க்கு 71, 635-க்கு 22, 650-க்கு 11. ஊதா நிற 405-க்கு ஒன்றுகூடத் தேறாது.

இந்த எண்களை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 மில்லிவாட் 650 சிவப்புக்குக் கண் தரும் மதிப்பு 5 × 11, அதாவது 55. வெறும் 1 மில்லிவாட் 520 பச்சைக்கு 71. ஐந்தில் ஒரு பங்கு சக்தியில் ஓடும் பச்சை, சிவப்பைவிடப் பிரகாசமாகத் தெரிகிறது! சிவப்பிலேயே நிற்க விரும்பினாலும் 650-க்குப் பதில் 635 வாங்கினால் அதே சக்தியில் இரு மடங்கு பிரகாசம். சிவப்பு-பச்சை நிறக்குறை உள்ளவர்களில் ஒரு பிரிவினருக்கு 650 சிவப்பு அநேகமாகத் தெரியாமலே போகலாம். பெரிய வகுப்பு என்றால் அப்படி ஒருவராவது உட்கார்ந்திருக்க வாய்ப்புண்டு.

ஊதா பாயிண்டர் வேலைக்கு ஆகாது. கண்ணுக்கு மங்கலாகத் தெரிவதால் ஆபத்தை உணர்த்தாது. தெரிய வைப்பதற்காகச் சக்தியைக் கூட்டி விற்பார்கள்.

## கிளாஸ் 2, 3ஆர், 3பி: லேபிள் சொல்வதும் சொல்லாததும்

லேசர் கருவிகளின் ஆபத்தை வகைப்படுத்தும் சர்வதேசத் தரநிலை ஐஇசி 60825-1. பாயிண்டர் வாங்குபவர் அதில் மூன்று வகைகளை அறிந்தால் போதும்.

கிளாஸ் 2 என்றால், கண்ணுக்குத் தெரியும் ஒளி 1 மில்லிவாட்டுக்கு மிகாது. தற்செயலாகக் கண்ணில் பட்டால் கால் வினாடிக்குள் இமை மூடும் அல்லது தலை திரும்பும். அந்த நேரத்துக்குள் விழித்திரை கெடாது என்பதுதான் கணக்கு. வேண்டுமென்றே உற்றுப் பார்ப்பவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

கிளாஸ் 3ஆர் என்றால் 5 மில்லிவாட் வரை. கவனமாகக் கையாண்டால் ஆபத்து குறைவு என்றாலும், குழந்தைகள் நடுவே பயன்படுத்தும் கருவி இதுவல்ல.

கிளாஸ் 3பி என்றால் 5-க்கு மேல் 500 மில்லிவாட் வரை. நேராகக் கண்ணில் பட்டால் இமை மூடுவதற்குள்ளேயே விழித்திரை எரிந்துவிடக்கூடும். பாயிண்டர் வேலைக்கு இதற்கு இடமே இல்லை. ஆஸ்திரேலியாவில் 1 மில்லிவாட்டுக்கு மேற்பட்ட கைலேசர் பாயிண்டரை அனுமதியின்றி இறக்குமதி செய்யவே முடியாது.

சரி, லேபிளில் 'கிளாஸ் 2' என்றோ '5 மில்லிவாட்டுக்குக் கீழ்' என்றோ இருந்தால் நம்பலாமா? 2013-இல் நிஸ்ட் வெளியிட்ட சோதனை முடிவைப் பாருங்கள். 122 பாயிண்டர்களை அளந்ததில், பச்சையில் ஏறத்தாழ 90 சதவீதமும் சிவப்பில் சுமார் 44 சதவீதமும் அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளுக்குள் வரவில்லை. லேபிள் இருப்பதே உத்தரவாதம் ஆகாது. அளவுமானி இல்லாதவர் கவனிக்கக்கூடிய அடையாளங்கள் சில உண்டு:

1. தடித்த உலோகக் குழல், உள்ளே 18650 எனப்படும் பெரிய லித்தியம் பேட்டரி, பின்னால் சாவி. சாவிப் பூட்டு 3பி மற்றும் அதற்கு மேற்பட்ட லேசர்களுக்கு விதிக்கப்பட்ட ஏற்பாடு. லேபிளில் '5 மில்லிவாட்டுக்குக் கீழ்' என்று போட்டுவிட்டுச் சாவியையும் கொடுத்தால், இரண்டில் ஒன்று பொய்.

2. விளம்பரத்தில் தீக்குச்சி பற்றுகிறது, பலூன் வெடிக்கிறது. 5 மில்லிவாட் சாதாரணமாக அந்த வேலையைச் செய்யாது.

3. பட்டனை விட்டாலும் அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும் சுவிட்ச். பாயிண்டரில் விரல் எடுத்ததும் ஒளி நிற்க வேண்டும்.

4. அலைநீளம், அதிகபட்ச சக்தி, கிளாஸ், தயாரிப்பாளர் பெயர் ஆகிய நான்கில் ஏதாவது ஒன்று லேபிளில் இல்லை.

## முதலில் எது பழுதாகிறது?

டையோடு தானாகத் தேய்ந்து செத்துப்போவது அரிது. முறையாக ஓட்டினால் அது ஆயிரக்கணக்கான மணி நேரம் தாங்கும். பாயிண்டரோ ஒரு வகுப்பில் சில நிமிடங்கள்தான் எரிகிறது. பழுதாவது பெரும்பாலும் டையோடைச் சுற்றியுள்ள சில்லறைப் பாகங்கள்.

பேட்டரி. எல்ஆர்44 செல்லின் கொள்ளளவு நூற்றுச் சொச்சம் மில்லியாம்பியர்-மணி. கைக்கடிகாரம், கால்குலேட்டர் போலச் சொட்டுச் சொட்டாக மின்சாரம் கேட்கும் கருவிகளுக்கு அது பொருத்தம். முப்பது மில்லியாம்பியர் கேட்கும் லேசர் அதை நான்கு மணி நேரத்துக்குள் உலர்த்திவிடும். ஏஏஏ அல்கலைனில் சுமார் ஆயிரம் மில்லியாம்பியர்-மணி உண்டு; அதே லேசர் முப்பது மணி நேரம் ஓடும். ஊரில் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் என்பது இன்னொரு வசதி. அப்புறம், பட்டன் செல்லைக் குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால், சில மணி நேரத்திலேயே அந்த இடம் வெந்துவிடக்கூடும். வீட்டுக்கு எடுத்துப்போகும் கருவியில் பட்டன் செல் இல்லாமல் இருப்பதே நல்லது.

கோடை விடுமுறையில் இரண்டு மாதம் டிராயரில் கிடக்கும் பாயிண்டரை அல்கலைன் பேட்டரியின் கசிவு கொன்றுவிடும். வெள்ளைப் பொடியாகப் படிந்து ஸ்பிரிங்கை அரித்துவிடுகிறது. பேட்டரியைக் கழற்றி வைத்தால் இந்தப் பிரச்சினை இல்லை. ரீசார்ஜ் செய்யும் ஏஏஏ கசிவது குறைவு; ஆனால் ஒன்று 1.2 வோல்ட்தான் என்பதால் சில பாயிண்டர்களில் புள்ளி மங்கும். வாங்கும் முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

யூஎஸ்பியில் சார்ஜ் ஆகும் உள்பேட்டரி வசதியானதுதான். திறக்க முடியாதபடி ஒட்டியிருந்தால், சில வருடங்களில் பேட்டரி தளரும்போது முழுக் கருவியும் குப்பைக்குப் போகும். உழைப்பை முதலில் வைப்பவர் மாற்றக்கூடிய பேட்டரியை எடுப்பதே சரி என்பது என் கருத்து.

பட்டன். ஒரு நாளில் அதிகம் வேலை வாங்கப்படும் பாகம் இதுதான். அமுக்கும்போது 'டிக்' என்று தெளிவாக உணர வேண்டும். பக்கவாட்டில் ஆடும் பட்டன், அழுத்தினால் ஒரு கணம் தாமதித்து எரியும் பட்டன் இரண்டும் சீக்கிரம் போகும்.

வெப்பம். வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரின் டேஷ்போர்டு மே மாதத்தில் 60 டிகிரியைத் தாண்டிவிடும். லேசர் டையோடின் சூடு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொறியாளர்கள் கையாளும் தோராயக் கணக்கு. தொடர்ந்து எரிய விடுவதாலும் இதே விளைவுதான். சுட்ட வேண்டியதைச் சுட்டிவிட்டு விரலை எடுத்துவிட வேண்டும். உலோக உடல் இங்கே உதவும். டையோடின் சூட்டை அது வாங்கிக்கொள்ளும். பிளாஸ்டிக் உடல் வெளியே குளிர்ச்சியாக இருந்தாலும் உள்ளே சூடு தங்கும்.

தூசி. சாக்பீஸ் பொடியும் சிமெண்டுத் தூளும் லென்ஸில் படிந்தால் புள்ளி சிதறும். சட்டைத் துணியால் துடைத்தால் பிளாஸ்டிக் லென்ஸில் கீறல் விழும். சற்று உள்ளே தள்ளிப் பொருத்திய கண்ணாடி லென்ஸ் அதிக நாள் தாங்கும்.

சைட்டில் பயன்படுத்துபவர்கள் கருவியில் ஐபி எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐபி54 என்றால் முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு: கெடுதல் செய்யும் அளவுக்குத் தூசி புகாது, தெறிக்கும் நீரைத் தாங்கும். பேனா பாயிண்டர்களில் இந்த எண்ணைப் பார்ப்பது அரிது. தூரம் அளக்கும் லேசர் மீட்டர்கள் பலவற்றில் உண்டு. அவை பெரும்பாலும் 635 நானோமீட்டர், கிளாஸ் 2. ஏற்கெனவே அப்படி ஒரு மீட்டர் வைத்திருக்கும் பொறியாளர் தனியாகப் பாயிண்டர் வாங்க வேண்டியதே இல்லை.

## எல்இடி திரையில் புள்ளி ஏன் தெரிவதில்லை?

பல கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் ப்ரொஜெக்டர் இருந்த இடத்துக்குப் பெரிய எல்இடி டிவி வந்துவிட்டது. பழைய பாயிண்டரை அடித்தால் புள்ளி மங்கலாகத் தெரிகிறது, அல்லது தெரியவே இல்லை. பாயிண்டர் பழுது என்று நினைத்து இன்னும் 'பவர்' கூடியதைத் தேடுகிறார்கள். பழுது பாயிண்டரில் இல்லை. ப்ரொஜெக்டர் திரை வெள்ளையானது. விழும் ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடித்து எல்லோர் கண்ணுக்கும் அனுப்பும். டிவியின் மேற்பரப்பு வெளியிலிருந்து வரும் ஒளியை உள்வாங்கும்படி கறுப்பாகச் செய்யப்பட்டது. பளபளப்பான பரப்பாக இருந்தால் கண்ணாடிபோல ஒளியை ஒரே திசையில் திருப்பி அடிக்கும். அங்கே சக்தியைக் கூட்டினால் புள்ளி தெளிவாகாது. எதிரே உட்கார்ந்திருப்பவர் கண்ணில் அடிக்கும் ஒளிதான் கூடும்.

ஆன்லைன் வகுப்பிலும் இதே கதைதான். சுவரில் விழும் லேசர் புள்ளி, திரையைப் பகிர்ந்து பார்ப்பவருக்குப் போய்ச் சேராது. இந்த இரண்டு இடங்களுக்கும் ஏற்றது டிஜிட்டல் பாயிண்டர் உள்ள பிரசென்டர், அதாவது ஸ்லைடுகளை நகர்த்தும் கை ரிமோட். அது ஒளியை அனுப்புவதில்லை; கணினித் திரையிலேயே ஒரு வட்டத்தை நகர்த்துகிறது. கண்ணுக்கு எந்த ஆபத்தும் இல்லை. அலுவலகக் கணினியில் அதற்கான மென்பொருளை நிறுவ அனுமதி உண்டா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கணினியில் செருகும் சிறிய ரிசீவரான யூஎஸ்பி டாங்கிளைக் கருவிக்குள்ளேயே செருகி வைக்க இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். டாங்கிள் தொலைந்தால் பல மாடல்களில் கருவியே பயனற்றுப் போகும்.

## எந்த வேலைக்கு எது?

வகுப்பறையும் ப்ரொஜெக்டர் திரையும் என்றால் கிளாஸ் 2, 520 பச்சை அல்லது 635 சிவப்பு, ஏஏஏ பேட்டரி. சின்ன அறைக்குச் சிவப்பே போதும், விலையும் குறையும். பெரிய அரங்கம், விளக்கு அணைக்காத கூடம் என்றால் பச்சை.

கட்டட வேலைக்கு லேசர் மீட்டர், இல்லையென்றால் உலோக உடல் கொண்ட 520 பச்சை. உச்சி வெயிலில் எந்தக் கிளாஸ் 2 புள்ளியும் தொலைவில் தெரியாது. அதற்காக 3பி வாங்குவது, கீழே வேலை செய்யும் ஆட்களின் கண்ணைப் பணயம் வைப்பது. நிழல் விழும் பக்கத்திலிருந்து காட்டுவது அல்லது வரைபடத்தில் குறித்துக் கொடுப்பதுதான் வழி.

கடையில் நேரில் வாங்கினால், புதிய பேட்டரி போட்டு ஐந்து ஆறு மீட்டர் தொலைவிலுள்ள சுவரில் அடித்துப் பாருங்கள். புள்ளி வட்டமாகவோ சீரான நீள்வட்டமாகவோ இருக்கலாம், சுற்றிலும் சிதறல் இருக்கக் கூடாது. எரியவிட்டபடியே கருவியை உள்ளங்கையில் லேசாகத் தட்டுங்கள். புள்ளி விட்டு விட்டு எரிந்தால் ஸ்பிரிங்கோ சால்டரிங்கோ சரியில்லை, வேறொன்றைக் கேளுங்கள்.

நட்சத்திரங்களைக் காட்டப் பச்சை லேசர் பயன்படுத்தும் அறிவியல் ஆசிரியர்களும் வானியல் குழுவினரும் விமானப் பாதையை அறிந்துகொண்ட பிறகே அதை எடுக்க வேண்டும். லேசர் கற்றை போகப் போக விரியும்; அந்த விரிவைக் கோணமாக மில்லிரேடியனில் சொல்வார்கள். 1 மில்லிரேடியன் விரியும் கற்றை 10 மீட்டரில் 1 சென்டிமீட்டர் அளவுக்குப் பரவும். 1 கிலோமீட்டரில் 1 மீட்டர். அந்த விரிந்த ஒளி விமானியறைக் கண்ணாடியில் பட்டால், இறங்கும் நேரத்தில் விமானியின் பார்வை முழுக்கப் பச்சையாகக் கூசும். சென்னையில் தரையிறங்க வந்த விமானங்கள் மீது லேசர் அடித்த சம்பவங்கள் செய்திகளில் வந்திருக்கின்றன. அமெரிக்காவில் 2012 முதல் இது ஐந்து ஆண்டுவரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். பிரிட்டன் 2018-இல் இதற்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. குழுவில் ஒருவர் வானத்தை மட்டும் கவனித்துக்கொண்டிருக்கட்டும். நகரும் விளக்கு எதைக் கண்டாலும் அவர் குரல் கொடுக்க வேண்டும், பாயிண்டர் வைத்திருப்பவர் உடனே விரலை எடுத்துவிட வேண்டும்.